பெட்டிக்குள்ள ஒரு மிளகாய்க் கன்று: விசுவமடுக் குறிப்புகள்

2024 பங்குனி 9 | கேள்வி: முத்தையன்கட்டுத் தம்பி

அக்கா, நீங்கள் வீட்டுக்குள்ள பெட்டி அடிச்சு லைற் போட்டு மிளகாய் வளர்க்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். எங்கட வளவில இந்த முறையும் குரங்கு ஒண்டையும் விட்டுவைக்கேல்லை. மிஞ்சினதை மயில் கொத்திப்போட்டுது. இணையத்தில பாத்தா ரெண்டடிப் பெட்டிக்குள்ள குட்டையா, சடைச்சு, வடிவா ஒரு கன்றை எடுக்கினம். அப்பா சிரிக்கிறார். வன்னி வெயிலுக்க இருந்துகொண்டு கன்றுக்கு லைற் பிடிக்கப் போறியோ எண்டு கேக்கிறார். மெய்யாச் சரிவருமோ?

2024 பங்குனி 10

சரிவரும் தம்பி. ஆனா அப்பா கேட்டதில நியாயம் கிடக்கு, அவரைக் கோவிக்காதேங்கோ. இஞ்ச வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில மத்தியான வெயில் ஒரு லட்சம் வரும். என்ர பெட்டிக்குள்ள முழு லைற்றையும் போட்டாலும் அதில கால்வாசியைக் கொஞ்சந்தான் தாண்டும். நான் லைற்றுக்காகப் பெட்டி அடிக்கேல்லை. கதவு பூட்டுற இடம் ஒண்டு வேணும் எண்டுதான் அடிச்சனான். குரங்கு கம்பி வலையையே இழுத்துப் பிரிக்குது. வலைக்குள்ளால கை விட்டுக் குருத்தைக் கிள்ளுது. ஐயாவுக்கு, என்ர அப்பாவுக்கு, இப்ப கால் ஏலாது, தோட்டத்துக்குப் போய்க் காவல் இருக்க ஆளும் இல்லை. அதாலதான் கன்று வீட்டுக்குள்ள வந்தது.

பெட்டி இதுதான்: ரெண்டடி அகலம், ரெண்டடி ஆழம், மூண்டடி உயரம். பழைய பிளைவூட் அலுமாரி ஒண்டைக் குறுக்கி அடிச்சது. அடியில ஒரு துளை, மேல எதிர்ப்பக்கத்தில இன்னொரு துளை, ரெண்டிலயும் பழைய கணினிக்குள்ள இருந்து கழட்டின சின்னக் காத்தாடி. கீழால உள்ளுக்கு இழுக்கும், மேலால வெளியில தள்ளும். பழைய ரவுட்டரின்ர 12 வோல்ற் அடப்டரில ரெண்டும் ஓடுது.

லைற் முதல்ல சாதாரண 12 வாட் எல்.ஈ.டி. குமிழ் நாலு போட்டன். கன்று நூல் மாதிரி இழுபட்டு நிண்டது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையில மூண்டு விரல் வைக்கலாம். இப்ப 50 வாட் எல்.ஈ.டி. பிளட் லைற் ரெண்டு. கணு நெருங்கி வருது. குட்டைக் கன்று வேணுமெண்டா முதல் வெளிச்சம் காணவேணும், கிள்ளுறதெல்லாம் பிறகு.

அதே நாள், இரவு

எழுத மறந்தது. உள்சுவருக்கு வெள்ளை எமல்ஷன் அடியுங்கோ. சொக்லேற் தாள் மாதிரி மினுங்குறதை ஒட்டாதேங்கோ, அது சுருங்கினா வெளிச்சம் எல்லா இடமும் ஒரே மாதிரிப் படாது.

2024 பங்குனி 17

மண் என்ன எண்டு கேட்டிருந்தியள். எங்கட செம்மண்ணை அள்ளிப் பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ. தோட்டத்தில அது தங்கம், சட்டிக்குள்ள ரெண்டு கிழமையில சீமெந்து. நான் கலக்கிறது தும்புத்தூள் ரெண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நல்லா உக்கின கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூளை மூண்டு தரமாவது கழுவுங்கோ. தேங்காய் மட்டையில உப்பு நிக்கும், கழுவாட்டி இலை ஓரம் கருகும். உமிக்கரியை வளவிலயே சுட்டு எடுக்கலாம். சாம்பலாகிறதுக்கு முதல் தண்ணி ஊத்தி அணைக்கவேணும்.

சட்டிக்கு அஞ்சு லீற்றர் பெயின்ற் வாளி, அடியில ஆறு துளை. பத்து லீற்றரில வைச்சா கன்று பெட்டியை மிஞ்சி வளரும். வேருக்கு இடத்தைக் குறைச்சா உடம்பும் குறையும். ஆனா அஞ்சு லீற்றர் வாளி பங்குனி மாதத்தில ஒரு நாளைக்கு ரெண்டு தரம் காயும் எண்டதையும் கணக்கில வையுங்கோ.

தண்ணி கிணத்துத் தண்ணிதான் முதல் விட்டன். வாளி ஓரத்தில வெள்ளையாப் படிஞ்சுது. கேத்திலுக்குள்ள படியுதே, அதேதான். கால்சியம் கூடின தண்ணி. மெல்ல மெல்ல மண் காரமாகி இலை வெளிறிச்சுது, நரம்பு மட்டும் பச்சையா நிண்டுது. இப்ப மழைத் தண்ணியைப் பரலில பிடிச்சு வைச்சு அதைத்தான் விடுறன். அது முடியப்போற நேரம் கிணத்துத் தண்ணியோட அரைக்கு அரை கலக்கிறன். உரத்துக்கு அல்பேட் கரைசல், பைக்கற்றில சொன்ன அளவில அரைவாசி.

வித்து கேட்டியள். கடையில எம்.ஐ.-2, கே.ஏ.-2 எண்ட மிளகாய் இனங்கள் கிடைக்கும். எம்.ஐ. எண்டது விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மகா இலுப்பள்ளமயைக் குறிக்கிற எழுத்து. நான் போட்டது எங்கட பழைய வித்து. அதைப் பற்றி ஆறுதலா எழுதுறன்.

2024 சித்திரை 6

வெக்கை. இனி எழுதுறதெல்லாம் இதைப் பற்றித்தான் இருக்கும் போல.

குளிர் நாட்டுக்காரர் எழுதின குறிப்புகளில பெட்டிக்குள்ள சூட்டை எப்பிடிப் பிடிச்சு வைக்கிறது எண்டுதான் பக்கம் பக்கமாக் கிடக்கு. எங்களுக்கு அது தலைகீழ். நேற்று மத்தியானம் அறைக்குள்ள 33 பாகை, பெட்டிக்குள்ள 39. கன்று இலையைக் கீழ தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. தண்ணி கிடக்கு, குடிக்க ஏலாமல் நிக்குது.

ரெண்டு வேலை செய்தன். முதலாவது, பிளட் லைற்றின்ர பின்பக்கம் செதில் செதிலா அலுமினியம் இருக்கெல்லோ, சூடு முழுக்க அதாலதான் போறது. பெட்டியின்ர கூரையை லைற் அளவுக்கு வெட்டி, கண்ணாடி மட்டும் உள்ளுக்குப் பாக்க, முதுகு வெளியில நிக்கிற மாதிரி வைச்சுப் பூட்டினன். பலகையில உலோகம் முட்டாமல் அரை அங்குலம் இடைவெளி விட்டு தகரத்துண்டில தாங்க வைச்சிருக்கு, பலகை சுட்டுப் போடும். இதில மட்டும் 4 பாகை இறங்கிச்சுது.

ரெண்டாவது, லைற்றை இரவுக்கு மாத்தினன். பின்னேரம் 6 மணிக்குப் போட்டு விடிய 8 மணிக்கு நிப்பாட்டுறன். 14 மணித்தியாலம். மிளகாய் பகல் நீளத்தைப் பாத்துப் பூக்கிற சாதி இல்லை, அதுக்கு இரவென்ன பகலென்ன. குளிர்ந்த நேரத்தில லைற் எரியும், கொதிக்கிற நேரத்தில கன்று இருட்டில ஆறும். நல்ல யோசனை எண்டுதான் படுது.

2024 சித்திரை 7

கரண்ட் கணக்கு கேட்ட அண்ணைக்கு: 100 வாட், 14 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 1.4 யூனிற், மாதம் 42. எங்கட வீடு முந்தி 50 யூனிற்றுக்குள்ள நிண்டது. 60 தாண்டினா கட்டணம் கூடின படிக்குப் போயிடும் எண்டதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ. இந்தக் கணக்கில பச்சை மிளகாய் லாபமோ எண்டா இல்லை, சந்தையில வாங்குறது மலிவு. நான் லாபத்துக்குச் செய்யேல்லை.

2024 வைகாசி 12

பக்கத்து வீட்டு மாமி நேற்று வேலிக்கு அங்கால நிண்டு கன நேரம் பாத்தவ. பிறகு உள்ளுக்கு வந்து மெதுவாக் கேட்டா, "பிள்ளை, இரா முழுக்க உங்கட சாமியறைப் பக்கம் வெளிச்சம் எரியுது, காத்தாடிச் சத்தமும் கேக்குது. ஊர்ச்சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. கஞ்சாவோ?"

நான் கதவைத் திறந்து காட்டினன். அவ குனிஞ்சு, கன்றின்ர நுனியில கை வைச்சு, இலையை ஒருக்கா மணந்து பாத்திட்டுத்தான் நிமிந்தா. கண் கலங்கிப் போச்சுது. அவவின்ர மருமகன் போதைப்பொருள் வழக்கில அகப்பட்டுக் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையால கேரளக் கஞ்சா வந்திறங்கிப் பிடிபடுற செய்தி வாராவாரம் வாசிக்கிறம். அந்தப் பயத்தில கேட்டவ. அவவில பிழையில்லை.

இதை இஞ்ச எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. சின்னப் பெட்டி, லைற், காத்தாடி எண்டு தேடினா இணையத்தில வாற குறிப்புகளில பாதிக்கு மேல கஞ்சாவுக்கு எழுதினது. தம்பி, நீங்கள் பாத்த காணொளியும் அதாத்தான் இருக்கும். எங்கட நாட்டில 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதக் கட்டளைச் சட்டத்தின்படி அதை வளர்க்கிறது குற்றம். அந்தக் குறிப்புகளை அப்பிடியே எடுத்து மிளகாய்க்குப் போடவும் ஏலாது. அவை பூக்க வைக்கிறதுக்கு இருட்டைக் கூட்டச் சொல்லுவினம். மிளகாய்க்கு அது தேவையே இல்லை, வெளிச்சத்தைக் குறைச்சா காய் குறையும். மணத்தை மறைக்கக் கரி வடிகட்டி பூட்டச் சொல்லுவினம். மிளகாய்க்கு மறைக்க என்ன கிடக்கு? பெட்டி எந்த அறையில எண்டாலும் அயலட்டைக்கு முதலே சொல்லிப்போடுங்கோ, கதவைத் திறந்து காட்டுங்கோ. நான் சொல்லாமல் விட்டது என்ர பிழை.

மாமிக்கு ஒரு நாற்றுக் குடுத்து விட்டன்.

2024 ஆனி 2

சித்திரை 6இல எழுதின இரவு லைற் யோசனையைத் திருப்பி எடுக்கிறன். அதைப் பாத்து ஆரும் செய்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கன்று வடிவா வந்தது உண்மை. ஆறாம் இலைக்கு மேல நுனி கிள்ளினன். ரெண்டு பக்கமும் கவர் விட்டு, ஒவ்வொரு கவரும் திரும்ப ரெண்டாப் பிரிஞ்சு, 14 அங்குல உயரத்தில குடை மாதிரி நிண்டது. முதல் கவரில வந்த முதல் பூவை நானே கிள்ளிப்போட்டன், உடம்பு வைக்கட்டும் எண்டு. பிறகு பூ கொட்டிச்சுது, பூத்ததைச் சொல்லேல்லை, விழுந்ததைச் சொல்லுறன். வாளிக்குக் கீழ பத்திரிகை விரிச்சு வைச்சிருந்தன். ஒரு விடியக்காலமை எண்ணினா 17 பூ. காம்பு மஞ்சளாகி, பூ இன்னும் வெள்ளையா, புதுசா, அப்பிடியே கழண்டு கிடக்கு. கையில எடுத்தா ஈரம் இருக்கு. ஒண்டுகூடப் பிஞ்சாகேல்லை.

ஐயா கதிரையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தவர். "அதுக்கு எப்ப பிள்ளை இராக்குளிர் படுது?" எண்டு கேட்டார்.

அதுதான் விசயம். மிளகாய் பகல் வெயிலைக் கொஞ்சம் தாங்கும், இருட்டு நேரம் குளிரவேணும். இரவு வெப்பம் 24, 25 பாகையைத் தாண்டித் தாண்டி நிண்டா பூ தங்காது, மகரந்தம் கெட்டுப்போகும். நான் என்ன செய்தனான்? குளிர்ந்த இரவில லைற்றைப் போட்டு 31 பாகையாக்கி, கன்றின்ர இருட்டைக் கொண்டுபோய் மத்தியானம் 33 பாகையில வைச்சனான். ரெண்டு பக்கத்தாலயும் சூடு. பகல் நீளம் அதுக்குத் தேவையில்லை எண்டது சரி. குளிர் தேவையில்லை எண்டு நான் நினைச்சது பிழை.

இப்ப விடிய 5 மணிக்குப் போட்டு பின்னேரம் 7 மணிக்கு நிப்பாட்டுறன். இரா முழுக்கக் காத்தாடி ஓடுது, ஜன்னல் திறந்து கிடக்கு. பகல் சூட்டுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சன். சோளகம் தொடங்கிட்டுது, காத்து எலும்பு மாதிரிக் காய்ஞ்சு வருது. கீழ்த் துளைக்கு முன்னால நனைச்ச சணல் சாக்கு ஒண்டைத் தொங்கவிட்டன், அதின்ர நுனி ஒரு சட்டித் தண்ணியில ஊறிக்கொண்டு கிடக்கு. மண்பானையில தண்ணி குளிருற அதே முறைதான். 3 பாகை இறங்குது. இது மழைக்காலத்தில வேலை செய்யாது, காத்தில ஈரம் நிரம்பினாப் பிறகு சாக்கு சும்மா நனைஞ்சுதான் கிடக்கும்.

இன்னொண்டு. பெட்டிக்குள்ள தேனீ இல்லை, காத்தும் இல்லை. மிளகாய்ப் பூ தன்னில தானே கருக்கட்டும், ஆனா ஆராவது ஆட்டிவிடவேணும். இப்ப விடிய 9, 10 மணிக்கு, ஊதா நிற மகரந்தப்பை வெடிச்சு வெள்ளைத் தூள் தெரியேக்க, காம்பை விரலால மெல்லச் சுண்டி விடுறன்.

2024 ஆனி 20

பிஞ்சு பிடிச்சிருக்கு. ஒன்பது. பச்சைக் குண்டூசித் தலை மாதிரி, பூ காய்ஞ்சு அதின்ர நுனியில ஒட்டிக்கொண்டு கிடக்கு. ஐயாவுக்குக் கண்ணாடி போட்டுக் காட்டினன்.

ஆனா குருத்து சுருளுது. தோட்டத்தில எண்டா உடனே இலைச்சாறு உறிஞ்சுற பனிப்பூச்சி எண்டு சொல்லியிருப்பன். வேப்பெண்ணெய் கரைச்சு அடிச்சிருக்கு.

2024 ஆனி 23

பிழை. பனிப்பூச்சி இல்லை.

பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தன். நீங்களும் இதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. இலை மேல்நோக்கித் தோணி மாதிரி மடிஞ்சா பனிப்பூச்சி. கீழ்நோக்கி, கவிழ்த்த தோணி மாதிரி மடிஞ்சு, காம்பு நீண்டு, இலையின்ர அடிப்பக்கம் செம்பு நிறமா மினுங்கினா சிற்றுண்ணி. என்ரது ரெண்டாவது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மாமிக்கு நாற்றுக் குடுத்த அண்டு, அவவின்ர வளவில இருந்து ஒரு கத்தரி நாற்றை வாங்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு மேல வைச்சிருந்தன். அதில வந்திருக்கவேணும். கதவு பூட்டின பெட்டிக்குள்ள சிற்றுண்ணியைத் தின்னுற பூச்சியும் இல்லை. உள்ளுக்கு ஒருக்கா வந்துதெண்டா அது வைச்சதுதான் சட்டம்.

சிற்றுண்ணிக்குக் கந்தகம் கேக்கும். ஆனா எண்ணெய் அடிச்சு ரெண்டு கிழமை போகாமல் கந்தகம் அடிக்கக்கூடாது, 32 பாகைக்கு மேலயும் அடிக்கக்கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பதட்டத்தில மூண்டாம் நாளே அடிச்சன்.

2024 ஆனி 29

இலை முழுக்கக் கருகிக் கொட்டிப்போட்டுது. ஒன்பது பிஞ்சும் போச்சு. தண்டு நிக்குது, பாப்பம்.

2024 ஆடி 14

தண்டு காய்ஞ்சிட்டுது. நேற்று வாளியைக் கொட்டினன். பெட்டியைச் சவர்க்காரத் தண்ணியால கழுவி, வெயிலில நாலு நாளைக்குக் காயட்டும் எண்டு கதவைத் திறந்து போட்டிருக்கு. ஆனிக் கடைசியில தனியா ஒரு சிரட்டையில போட்ட வித்து மூண்டில ரெண்டு முளைச்சு நிக்குது. அதே பழைய வித்து.

வித்தைப் பற்றி எழுதுறன் எண்டு சொல்லியிருந்தனான்.

ஐயா வடமராட்சியில இருந்து விசுவமடுவுக்கு வரேக்க 22 வயசு. எழுபதுகளின்ர தொடக்கத்தில காணியில்லாத படிச்ச பெடியளுக்கு இஞ்சயும் முத்தையன்கட்டிலயும் காடு வெட்டிக் காணி குடுத்தவை. தம்பி, உங்கட அப்பப்பாவும் அப்பிடி வந்தவராத்தான் இருப்பார். சிறிமாவோ அம்மையார் 1970இல ஆட்சிக்கு வந்தாப்பிறகு வெளிநாட்டுச் செத்தல் மிளகாய், வெங்காயம் வாறதை இறுக்கினது. அந்த ஏழு வருசமும் செத்தலுக்கு இருந்த விலையை ஐயா இப்பவும் நெஞ்சை நிமித்தித்தான் சொல்லுவார். கொட்டிலில இருந்தவர் கல்வீடு கட்டினார். முற்றத்தில பாய் விரிச்ச மாதிரிச் சிவப்பாக் காயும், பின்னேரம் அதுக்கு மேல நடந்து புரட்டிவிடுறது, இரவில வீடு முழுக்கத் தும்மல். 1977இல பொருளாதாரம் திறந்துவிட இறக்குமதி வந்து விலை விழுந்தது. எண்டாலும் ஐயா மிளகாயை விடேல்லை.

ஒவ்வொரு வருசமும் மூண்டாம் ஆய்ச்சலில, அதாவது மூண்டாந்தரம் காய் பிடுங்கேக்க, கன்றின்ர நடுக் கவரில பழுத்த காயைத்தான் வித்துக்கு எடுப்பார். முதல் ஆய்ச்சல் காய் பெருசாத்தான் இருக்கும், ஆனா எடுக்கமாட்டார். கடைசி ஆய்ச்சலும் எடுக்கமாட்டார். ஒரு கன்றில நோய் கண்டா அந்த வரிசையையே விட்டிடுவார்.

2009இல எல்லாம் விட்டிட்டு நடந்தம். வித்துப் போத்தலும் போச்சு. திரும்பி வந்து ரெண்டு வருசத்தால, வவுனியாவில இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனனாங்கள். அவவின்ர குசினி வாசலில நிண்ட கன்றைப் பாத்திட்டு ஐயா அதிலயே குந்தீட்டார். 1995இல நாங்கள் குடுத்த வித்தில இருந்து வழிவழியா வந்த கன்று. காம்படியில கழுத்து மாதிரி ஒரு சுருக்கம் இருக்கும், நுனி கொஞ்சம் வளையும். அவர் கையால தொட்டுத்தான் சொன்னவர்.

இப்ப வளவில நடவும் விடுகுதில்லைக் குரங்கு, வித்துக்குப் பழுக்கிற வரைக்கும் எந்தக் காயும் மிஞ்சாது. மிளகாய் வித்தைச் சும்மா வைச்சா மூண்டு, நாலு வருசத்தில முளைப்பு விழுந்திடும். கையில இருந்தது 2021ஆம் ஆண்டு வித்து. கரண்ட் காசைப் பற்றிக் கேட்ட அண்ணைக்கு இதுதான் மறுமொழி.

2024 புரட்டாதி 22

ரெண்டு கன்றும் பூத்திருக்கு. இந்த முறை ஒண்டைச் சோதிச்சுப் பாக்கிறன். ஆனியில நான் குளிரையும் மாத்தி, சுண்டுறதையும் ஒரே நாளில தொடங்கினதால எது உதவினது எண்டு தெரியேல்லை. பெரிய கன்றில ஒரு கவருக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கு. நூல் கட்டின கவரைத் தொடமாட்டன். மற்றதைச் சுண்டுவன்.

மண்ணில சின்னக் கறுப்பு ஈ பறக்குது. கூட்டெருவால வாறது. மேல அரை அங்குலத்துக்கு ஆத்துமணல் போட்டு, மேற்பக்கம் காயவிட்டுத் தண்ணி விடுறன். குறையுது.

2024 ஐப்பசி 6

நூல் கட்டின கவர்: பத்துப் பூவில நாலு தங்கிச்சுது. சுண்டின கவர்: பத்தில ஏழு. ஆனியில நான் சுண்டுறதுக்கு அளவுக்கு மிஞ்சி மதிப்புக் குடுத்திட்டன் போல. காத்தாடி ஆட்டுறதே ஓரளவுக்குக் காணும். இரவு குளிர்ந்தா பூ தங்குது, அதுதான் பெருசு. சுண்டினா இன்னும் கொஞ்சம்.

ஒரு காயின்ர அடி மட்டும் தோல் மாதிரிக் காய்ஞ்சு மண்ணிறமாப் போச்சுது. அழுகல் நோய் எண்டு மருந்து அடிக்காதேங்கோ. ரெண்டு நாள் தண்ணி விடாமல் விட்டிட்டு மூண்டாம் நாள் வாளி நிறைய விட்டன், அதால கால்சியம் காய் நுனிக்குப் போய்ச் சேரேல்லை. இப்ப நாளுக்கு ரெண்டு தரம், கொஞ்சங் கொஞ்சமா.

2024 மார்கழி 1

கார்த்திகைக் கடைசிப் புயல்மழை உங்கட பக்கம் எப்பிடி? இஞ்ச வளவுக்குள்ள முழங்கால் தண்ணி நிண்டது, மாமி வீட்டுக்குள்ளயும் வந்திட்டுது. கரண்ட் ரெண்டு நாள் இல்லை. பெட்டியை மேசைக்கு மேல தூக்கி வைச்சம். லைற் இல்லாட்டியும் கன்றுக்கு ரெண்டு நாள் ஒண்டும் செய்யாது. காத்து நிண்டதுதான் பயம், இந்த ஈரத்துக்குப் பூஞ்சணம் ஒரே நாளில பிடிக்கும். கதவைக் கழட்டி விட்டிட்டு ஐயா பனையோலை விசிறியால விசுக்கிக்கொண்டு இருந்தவர். போதும் ஐயா, படுங்கோ எண்டாலும் கேக்கேல்லை.

ரெண்டு காய் நிறம் மாறத் தொடங்கியிருக்கு. பச்சைக்குள்ளால கறுப்பு ஓடி, பிறகுதான் சிவப்பு வருது.

2025 மாசி 10

நேற்று நாடு முழுக்கக் கரண்ட் போனதெல்லோ. பாணந்துறைப் பக்கம் உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சதால எண்டு அமைச்சர் சொன்னவர். செய்தியை வாசிச்சுக் காட்ட ஐயா வாய்விட்டுச் சிரிச்சார். அம்மா போனாப்பிறகு அவர் அப்பிடிச் சிரிச்சு நான் கேக்கேல்லை. "வீட்டுக்குள்ள கொண்டுபோய்ப் பூட்டி வைச்சாலும் அங்கயும் வந்திட்டுது பார்" எண்டார்.

கன்று நல்லா நிக்குது. மூண்டாம் ஆய்ச்சல் பழுக்குது. நடுக் கவரில இருக்கிறதுகளுக்கு ஐயா வெள்ளைத் துணி கட்டச் சொன்னவர், கட்டியிருக்கு.

2025 பங்குனி 15

இண்டைக்கு விடிய 8 மணியில இருந்து 8.05 வரைக்கும் வளவில நிக்கிற குரங்கு, மயில், மர அணில் எல்லாத்தையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் அறிவிச்சிருந்ததெல்லோ. ஐயா ஏழரைக்கே கதிரையை விறாந்தையில போடச் சொல்லி, மடியில கொப்பியோட இருந்தவர். அஞ்சு நிமிசத்தில 11 குரங்கு, 3 மயில். எட்டு மணி ஆறுக்கு இன்னும் ஒரு கூட்டம் வந்தது. அதையும் எழுதவோ எண்டு கேட்டார். நேரம் முடிஞ்சுது ஐயா எண்டன். எண்டாலும் கீழ தனியா ஒரு கோடு கீறி எழுதி வைச்சிருக்கிறார்.

அவர் எண்ணி முடிய நான் துணி அவிழ்த்தன். 12 காய். எல்லாத்திலயும் காம்படியில அந்தச் சுருக்கம் இருக்கு. ஐயா ஒவ்வொண்டாத் தடவிப் பாத்து ரெண்டை விலக்கினார், நுனி நேராக் கிடக்குதாம். பத்தை நிழலில காயப் போட்டிருக்கு. வெயிலில போடாதேங்கோ, முளைப்புக் கெடும். காய்ஞ்சாப்பிறகு வித்தைத் தட்டி எடுத்து, அடுப்புச் சாம்பலில பிரட்டி, ஹோர்லிக்ஸ் போத்தலில இறுக்கி மூடி, குசினியில வைக்காமல் குளிர்ச்சியான அறையில வைப்பன்.

தம்பி, சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் ஒரு நாள் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. உங்களுக்கு நூறு வித்து, மாமிக்கு நூறு, பெரியம்மாவின்ர மகளுக்கு நூறு. ஒரே வீட்டில வைக்கிறேல்லை எண்டு ஐயா சொல்லிப்போட்டார். வரேக்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. முத்தையன்கட்டில 1974இல ஆர் ஆருக்குப் பக்கத்துக் காணி எண்டு ஐயாவுக்குக் கேக்கவேணுமாம்.

சுண்டி விடுற நேரமாச்சு. இதை வைக்கிறன்.